காணாமல் வளரும் நம்பிக்கை: பெத் ஓலியறியின் நாவல் பற்றிய ஒரு நோக்கு

காதல் நவீனம் எனப்படும் இலக்கிய வகையை ஆராய்ச்சிக்குரிய பொருளாக ஏற்றுக்கொள்வதில் எமது பல்கலைக்கழக வட்டாரங்களில் நெடுங்காலமாகவே ஒரு தயக்கம் நிலவி வந்துள்ளது. அத்தயக்கத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இங்கிலாந்தில் 1908 இற் பொதுப் பதிப்பகமாகத் தொடங்கப்பெற்றுப் பின்னர் 1930களிற் காதற் கதைகளிலேயே ஊன்றிய மில்ஸ் அன்ட் பூன் நிறுவனம், ஒன்றைப் போல் மற்றொன்று என்னும் எண்ணம் ஏற்படுமளவுக்கு இவ்வகை நூல்களைத் தொகை தொகையாக வெளியிட்டு வந்துள்ளது. எம்மைப் பொறுத்தவரையிலோ, க. கைலாசபதி 1968 இல் வெளியிட்ட 'தமிழ் நாவல் இலக்கியம்' முதலாக, நாவலைச் சமுதாய வரலாற்றோடு இணைத்து நோக்கும் முறையிற் பயின்றவர்கள் நாம். அம்முறையிற் பயின்ற ஒருவர் காதல் நவீனம் ஒன்றைக் கையில் எடுப்பாராயின், அது பெரும்பாலும் குற்றங் காண்பதற்காகவே இருக்கும். பெத் ஓலியறி என்னும் ஆங்கில எழுத்தாளர் 2019 இல் வெளியிட்ட 'த ஃபிளற்ஷெயர்' என்னும் நாவலை நாமும் அந்நோக்குடனேயே எடுத்தோம். இரண்டு இரவுகளில் வாசித்து முடித்தோம். அதனை இரசித்தோம் என்பதை ஒளிக்காது கூறிவிடுதலே நேர்மையாகும். ஏன் இரசித்தோம் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூலை எமக்குத் தந்தவர் எம்மிடம் பயின்ற மாணவி ஒருவர். "நேரம் கிடைத்தால் வாசியுங்கள், சேர்; பெரிய இலக்கியம் எண்டு நினைச்சு வாசிக்க வேண்டாம்" என்று மன்னிப்புக் கேட்கும் தொனியிலேயே தந்தார். வாசித்த பின்னர் அவரோடு உரையாடியபோது அவர் கூறிய ஒரு செய்தி எம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. முதலத்தியாயங்களில் வரும் ஜஸ்ரின் என்னும் பாத்திரத்தை நல்லவன் என்றே தாம் நம்பியதாகவும், கதாநாயகி ஈற்றில் அவனிடமே திரும்பிச் செல்வாள் என எதிர்பார்த்ததாகவும் அவர் சொன்னார். அவ்வாறு தாம் நம்பியது ஏன் என்ற வினா, நூலை மூடிய பின்னும் தம்மை விடவில்லை என்றும் சொன்னார். அக்கூற்றை மனத்திற் கொண்டே நாம் நாவலை இரண்டாம் முறை வாசித்தோம். முதல் வாசிப்பில் இனிய பொழுதுபோக்காகத் தோன்றிய பல இடங்கள் இரண்டாம் வாசிப்பில் வேறு முகங் காட்டின.

கதையைச் சுருக்கமாகக் கூறலாம். ரிஃபி என்பவள் கைப்பணி நூல்களை வெளியிடும் சிறு பதிப்பகம் ஒன்றிற் குறைந்த சம்பளத்துக்கு வேலை செய்யும் துணைப் பதிப்பாசிரியர். தன் காதலன் ஜஸ்ரினின் வீட்டில் வாழ்ந்து வந்தவள், அவன் வேறொருத்தியைக் கொண்டுவந்த பின்னர் வெளியேற வேண்டியவளாகின்றாள். இலண்டனில் அவளது சம்பளத்துக்கு வீடு கிடைப்பது அரிது. இந்நிலையில் மாதம் 350 பவுண் வாடகைக்கு ஒரு விளம்பரம் அவள் கண்ணிற் படுகின்றது. தொடர்மாடி வீடொன்று, படுக்கையறை ஒன்று, கட்டிலும் ஒன்று. வீட்டுக்குரியவனான லியோன், மரணத்தை எதிர்நோக்கும் நோயாளரைப் பராமரிக்கும் நிலையம் ஒன்றில் இரவுத் தாதியாகப் பணிபுரிபவன். பகலில் அவன் உறங்குவான். இரவிலும் வார இறுதியிலும் அவள் இருப்பாள். சிறையிலிருக்கும் தன் தம்பி ரிச்சி குற்றமற்றவன் என்பதை நிறுவச் சட்டத்தரணிக்குக் கொடுக்கவேண்டிய பணத்துக்காகவே லியோன் இவ்வேற்பாட்டுக்கு இணங்குகின்றான். ஒரே கட்டிலிற் படுத்தெழும் இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. சமையலறையிலும் கதவுகளிலும் ஒட்டிச் செல்லும் சிறு குறிப்புத்தாள்களின் வாயிலாகவே அவர்களிடையே தொடர்பு வளர்கின்றது. நாவல் ஏறத்தாழப் பாதித் தூரம் சென்ற பின்னரே, அதுவும் குளியலறை வாயிலில் நேர்ந்த ஒரு நகைப்புக்கிடமான தற்செயலால், அவர்கள் நேரிற் சந்திக்கின்றனர்.

இக்கதைக்கரு செயற்கையானது என்று கூறுவோர் கூறலாம். ஆயினும், இச்செயற்கைக்கு அடியில் ஒரு பொருளாதார உண்மை இருக்கின்றது. தொழில் செய்யும் படித்த இளைஞர் இருவர் ஒரு கட்டிலை முறை வைத்துப் பகிர வேண்டிய நிலை இலண்டன் வாடகையால் வருவதேயன்றிக் காதலால் வருவதன்று. காதற் கதைகளிற் பணம் பெரும்பாலும் கதாநாயகனின் செல்வமாக மட்டுமே தலைகாட்டும். இங்கோ அது கடனாகவும் வாடகையாகவும் வழக்குச் செலவாகவும் பக்கத்துக்குப் பக்கம் நிற்கின்றது. இந்நாவலை ஆசிரியை தாம் வேலைக்குச் சென்று வரும் புகையிரதப் பயணங்களில் எழுதினார் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. புகையிரதத்தில் வாசிப்பதற்குரிய நூல் என்று இவ்வகை நாவல்களை எள்ளுவோர், புகையிரதத்தில் எழுதப்பெற்ற நூல் என்பதையும் சேர்த்து எள்ளிக்கொள்ளலாம்.

காதல் நவீனங்களை முதன்முதலாகக் கருத்தூன்றி ஆராய்ந்தோருள் அமெரிக்க ஆய்வாளரான ஜனிஸ் ராட்வே குறிப்பிடத்தக்கவர். 1984 இல் வெளிவந்த தமது நூலில் அவர், ஊர் ஒன்றிலே இவ்வகை நாவல்களை விடாது வாசித்து வந்த பெண்களுடன் உரையாடி, அவர்கள் ஏன் வாசிக்கின்றனர் என்று கேட்டறிந்தார். நாள் முழுவதும் பிறரைப் பராமரிப்பதிலேயே கழிக்கும் அப்பெண்கள், தம்மை ஒருவர் பராமரிக்கும் உணர்வை வாசிப்பிற் பெற்றனர் என்பது அவர் கண்ட முடிவுகளுள் ஒன்று. மற்றொரு முடிவு இன்னும் கூர்மையானது. கதாநாயகன் முதலில் கடுமையானவனாக, அலட்சியம் செய்பவனாக, சில வேளைகளிற் கொடியவனாகவும் வருவான். அக்கடுமை உண்மையில் மறைந்து கிடக்கும் அன்பின் அடையாளமே என்று நாவல் ஈற்றிற் காட்டும். அதாவது, ஆடவனின் கொடுமையை அன்பாக வாசித்துப் பழகுமாறு வாசகிக்கு இந்நாவல்கள் கற்பிக்கின்றன என்பது ராட்வேயின் ஐயம்.

'த ஃபிளற்ஷெயர்' இவ்விடத்திலேதான் தனித்து நிற்கின்றது. காதல் நவீனத்தின் மரபார்ந்த அடையாளங்கள் அனைத்தையும் ஆசிரியை ஜஸ்ரினுக்கே கொடுத்துவிடுகின்றார். அவன் அழகன், வசதியுள்ளவன், பேச்சுவன்மை படைத்தவன். ரிஃபி தொழில் நிமித்தம் உல்லாசக் கப்பல் ஒன்றுக்குச் செல்கையில் எதிர்பாராத வகையில் அங்கே தோன்றுகின்றான். விட்டுப் பிரிந்த பின்னும் அவளை விடாது பின்தொடர்கின்றான். இறுதியில், நூல் வெளியீட்டு விழா ஒன்றின் மேடையில், திரண்டிருந்த கூட்டத்தின் முன் அவளை மணந்துகொள்ள வேண்டுகின்றான். எமது திரைப்படங்களைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் இவை பழகிய காட்சிகளே. பின்தொடர்ந்து வருதல், திடீரெனத் தோன்றுதல், ஊரறியக் காதலைச் சொல்லுதல் என்பன கதாநாயகனுக்குரிய செயல்கள் என்றே நாம் கற்றிருக்கின்றோம். எம் மாணவி ஜஸ்ரினை நம்பியதில் வியப்பில்லை. அவர் இலக்கணம் தெரிந்த வாசகி, அவ்விலக்கணப்படியே வாசித்தார்.

லியோனுக்கு ஆசிரியை அளித்திருப்பவை வேறு. உறவுக்கு வித்திடுபவை மீந்த உணவும், அதைப் பற்றிய ஓரிரு வரிகளும், கழுவாத கோப்பை பற்றிய மென்மையான நினைவூட்டலுமே. கண்ணுக்குத் தெரியாத ஒருத்தி வேலையில் எதிர்நோக்கும் சிக்கலை விசாரித்து, அடுத்த நாள் அதன் முடிவையும் விசாரிப்பான் அவன். அவன் குறிப்புகள் சுருக்கமானவை. கேள்வி கேட்பான், விடை வரும்வரை காத்திருப்பான், வந்த விடையை நினைவில் வைத்திருப்பான். இம்மூன்றையும் தவிர அவனிடம் காதலனுக்குரிய வேறு இலட்சணம் எதுவும் தொடக்கத்தில் இல்லை. ஜஸ்ரினோடு வாழ்ந்த காலத்தில் ரிஃபிக்குக் கிடைக்காதவையும் இவையே என்பதை நாவல் மெல்ல மெல்லத் தெரியப்படுத்துகின்றது.

ஜஸ்ரின் ரிஃபியைக் கைநீட்டி அடிப்பவன் அல்லன். அவன் சிதைத்தது அவளது நினைவை. சொன்னதைச் சொல்லவில்லை என்பான். சொல்லாததைச் சொன்னேன் என்பான். அவளுடைய மறதியே எல்லாவற்றுக்கும் காரணம் என்று பொறுமையாக எடுத்துரைப்பான். பல ஆண்டுகள் கேட்டுப் பழகியபின், தான் மறதிக்காரி என்பதை அவளே நகைச்சுவையாகச் சொல்லிக்கொள்கின்றாள். ஆங்கிலத்தில் இவ்வகைக் கொடுமைக்கு வழங்கும் சொல், பற்றிக் ஹமில்ரன் 1938 இல் எழுதிய நாடகம் ஒன்றின் தலைப்பிலிருந்து பிறந்தது. மனைவியைச் சித்தசுவாதீனம் அற்றவள் என அவளே நம்புமாறு செய்யும் கணவனின் கதை அது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015 ஆம் ஆண்டின் பாரதூரமான குற்றங்கள் பற்றிய சட்டத்தின் 76 ஆம் பிரிவு, நெருங்கிய உறவிற் கட்டுப்படுத்தியும் வற்புறுத்தியும் நடந்துகொள்வதை 5 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. சட்டம் பெயரிட்டுவிட்ட ஒன்றை இலக்கியம் எவ்வாறு காட்டுகின்றது என்பது ஆராயத்தக்கது. சட்டத்துக்குச் சான்று வேண்டும். நாளும் நேரமும் வேண்டும். நினைவையே இழந்தவளிடம் நாளும் நேரமும் எங்ஙனம் கிடைக்கும்? அவ்விடைவெளியை நாவலால் நிரப்ப முடிகின்றது.

அதற்கு ஆசிரியை கையாண்டுள்ள உத்தி எளிமையானது. ரிஃபியின் அத்தியாயங்கள் அவள் கூற்றாகவே அமைகின்றன. அவள் ஜஸ்ரினைப் பற்றி நல்லவையே சொல்கின்றாள். ஆனால், அவள் நல்லவை என்று சொல்பவற்றின் இடுக்குகளில் ஏதோ ஒன்று நெருடுகின்றது. தோழி கேர்ட்டியும் தோழன் மோவும் அவன் பெயரைக் கேட்டதும் மௌனமாவதை அவள் குறிப்பிடுகின்றாள். காரணத்தை மட்டும் தவறாக விளங்கிக்கொள்கின்றாள். கேர்ட்டி நீதிமன்றத்தில் வாதாடுபவள், வெட்டொன்று துண்டிரண்டாகப் பேசுபவள். மோ உளவள ஆலோசகன், காத்திருந்து பேசுபவன். இவ்விருவரையும் எமது அகமரபின் தோழியோடு ஒப்பிடத் தோன்றுகின்றது. தலைவி அறியாததைத் தோழி அறிந்திருத்தலும், அறிந்ததை உடனே சொல்லாதிருத்தலும் எமக்குப் புதியன அல்ல. ஆயினும் அங்கே தோழி மறைப்பது காதலை. இங்கே தோழர் மறைப்பது காதலன் எத்தகையவன் என்பதை. சொன்னால் அவள் தம்மையும் விட்டு விலகிவிடக்கூடும் என்ற அச்சம் அவர்களுக்கு உண்டு.

ஒருவரையொருவர் காணாத இருவரிடையே உறவு வளர்வதை வாசிக்கையில், புறநானூறு காட்டும் கோப்பெருஞ்சோழன், பிசிராந்தையார் நட்பு எம் நினைவுக்கு வந்தது. வடக்கிருந்த சோழன், தான் ஒருபோதும் கண்டிராத புலவருக்கு இடம் ஒதுக்குமாறு கூறினான். புலவரும் வந்து சேர்ந்தார். நட்புக்குச் சேர்ந்து பழகுதல் வேண்டியதில்லை, ஒத்த உணர்ச்சியே போதும் என்னுங் குறளுக்குப் பரிமேலழகர் இவ்விருவரையே எடுத்துக்காட்டினார். இவ்வொப்புமையை அளவுக்கு மீறி நீட்ட நாம் விரும்பவில்லை. சோழனும் புலவரும் ஐயத்துக்கு இடமில்லாத பெருமக்கள். ரிஃபியோ ஐயத்தாற் சிதைந்தவள். காணாமை அவர்களுக்கு ஒரு தடையாக இருந்தது. இவளுக்கு அது ஒரு பாதுகாப்பு. ஜஸ்ரினின் முகமும் குரலும் அருகிருந்தவாறே அவளைக் குழப்பின. முகமும் குரலும் இல்லாத ஒருவனை அவளால் அஞ்சாமல் அறிய முடிந்தது. இன்னொன்றும் உண்டு. சொல் மறுக்கப்படலாம், எழுத்து சுவரில் ஒட்டியபடியே இருக்கும். நேற்று என்ன சொல்லப்பட்டது என்பதைக் கதவைப் பார்த்தே அவள் உறுதிசெய்துகொள்ளலாம். நினைவு களவாடப்பட்ட ஒருத்திக்கு அவ்வீட்டின் சுவர்களே நினைவாகின்றன. குறிப்புத்தாள் என்னும் உத்தியை வெறும் கவர்ச்சிக்காக ஆசிரியை கையாளவில்லை என்று நாம் கருதுவது இதனாலேயே.

ரிச்சியின் வழக்கும் இதனோடு பொருந்தி நிற்கின்றது. ஆயுதங் காட்டிக் கொள்ளையிட்டான் என்று சிறையிடப்பட்ட அவனை லியோனின் அப்போதைய காதலி கே நம்பவில்லை. அவள் தீயவள் அல்லள், சலித்துப்போனவள். ஒரு நாள் ரிச்சி சிறையிலிருந்து எடுத்த தொலைபேசி அழைப்பை ரிஃபி தற்செயலாக ஏற்றுப் பேசுகின்றாள். முழுக் கதையையும் பொறுமையோடு கேட்டு, கேர்ட்டியின் உதவியை நாடுகின்றாள். தன் சொல்லை எவரும் நம்பாத நிலை எத்தகையது என்பதைத் தன் வாழ்விலேயே அறிந்தவள் அவள். ஆனால், அறிந்திருக்கின்றாள் என்பதை அவ்வேளையில் அவளே அறியாள். நம்பப்படாத இருவர் தொலைபேசியிற் பேசிக்கொள்ளும் அவ்விடம், நாவலின் காதற் காட்சிகள் பலவற்றினும் எம்மைக் கவர்ந்தது.

இவ்வகை நாவலின் முடிவு முன்கூட்டியே தெரிந்தது என்பது வழக்கமான குற்றச்சாட்டு. இருவரும் சேர்வர்; நூலின் அட்டையே அதனைச் சொல்லிவிடும். முடிவு தெரிந்திருத்தல் சுவைக்குக் கேடு என்ற இக்கருத்தை அகப்பாடல்களைப் பயின்ற நாம் அவ்வளவு எளிதில் ஏற்றுக்கொள்ள இயலாது. களவு கற்பாகக் கனிவதும் ஊடல் தணிவதும் கேட்போர் அறிந்தவையே. அறிந்திருந்தும் தலைவியின் ஒரு மாலைப்பொழுது எம்மை வருத்துகின்றது. இந்நாவலிலோ முடிவு தெரிந்திருப்பதற்கு வேறொரு பயனும் உண்டு. ரிஃபியின் பழைய நினைவுகள் ஒவ்வொன்றாகத் திரும்பும் பகுதிகள் வாசிப்பதற்கு எளியன அல்ல. அன்பாகத் தொடும் கையையும் அவளது உடல் பழைய கையாகவே எண்ணி விறைத்துப் போகின்றது. இவற்றைத் தம் வாழ்வில் அறிந்த வாசகி ஒருவர், ஈற்றில் நன்மையே நேரும் என்ற உறுதி இல்லாவிடின் அப்பக்கங்களைத் தாண்டிச் செல்வாரா? நாவலை நம்பலாம் என்பதை இலக்கிய வகையே அவருக்கு முன்கூட்டிச் சொல்லிவிடுகின்றது.

குணமடைதலை ஆசிரியை எவ்வாறு காட்டுகின்றார் என்பதும் கவனிக்கத்தக்கது. காதல் வந்தது, காயம் ஆறியது என்று அவர் எழுதவில்லை. ரிஃபி உளவள ஆலோசகர் ஒருவரிடம் செல்கின்றாள், ஒழுங்காகச் செல்கின்றாள். நண்பர் சொல்லும்போது மறுத்தவற்றை அங்கே தன் வாயாலேயே சொல்லக் கற்கின்றாள். லியோனின் பங்கு மருத்துவன் பங்கு அன்று. அவள் விறைத்துப் போகும் வேளையில் அவன் நிறுத்துகின்றான். விளக்கங் கேட்டு வற்புறுத்துவதில்லை. அவனுடைய தாய் தொடர்ந்து தீய ஆடவரிடம் சிக்கி வருந்தியதைக் கண்டு வளர்ந்தவன் என்பதால், ஜஸ்ரின் எத்தகையவன் என்பதை அவன் விரைவிலேயே உணர்கின்றான். உணர்ந்தும், அவளுக்குப் பதிலாக எந்த முடிவையும் எடுப்பதில்லை. இது எழுதுவதற்குக் கடினமான பண்பு. செயலற்றவன் போன்ற தோற்றத்தை அது எளிதில் தந்துவிடும். லியோன் செயலற்றவன் அல்லன் என்பதை அவனது தொழிலிலும், நோயாளியான பிரையர் என்னும் முதியவருக்காக அவன் மேற்கொள்ளும் தேடலிலும் ஆசிரியை காட்டிவிடுகின்றார்.

அத்தேடலைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே தாம் நேசித்துப் பிரிந்த ஜோனி வைற் என்னும் ஆடவரை மரணத் தறுவாயில் நினைந்திருக்கின்றார் பிரையர். அப்பெயருடைய முதியோரை ஒவ்வொருவராகத் தேடி லியோன் செல்கின்றான். அவர்களுட் சிலர் எரிந்து விழுகின்றனர். சிலர் தேநீர் தருகின்றனர். நகைச்சுவையாகத் தொடங்கும் இக்கிளைக்கதை, ஆண்கள் இருவர் ஒருவரையொருவர் நேசித்தல் குற்றமாக இருந்த ஒரு காலத்தை அதிகம் பேசாமலே நினைவுபடுத்துகின்றது. அவர்களும் எழுதியிருக்கலாம், எழுதவில்லை, அல்லது எழுத இயலவில்லை. குறிப்புத்தாள்களால் நிறைந்த நாவலில் எழுதப்படாத ஒரு வாழ்க்கை இவ்வாறு இடம்பெறுவது பொருத்தமானது.

இனிக் குறைகளைக் கூறுவோம். பிற்பகுதியில் நாவல் தன் நுண்மையை இழக்கின்றது. அதுவரை ஐயத்துக்கும் தெளிவுக்கும் இடையில் நிறுத்தப்பட்டிருந்த ஜஸ்ரின், வரவர முழு வில்லனாகின்றான். உடன் பணிபுரியும் ஒருவன் வாயிலாக அவளது நடமாட்டங்களை அறிந்துகொள்கின்றான். ஈற்றில் வீட்டுக் கதவடியிலேயே வந்து மிரட்டுகின்றான். இவை நடவாதவை என்று நாம் கூறவில்லை. பிரிந்து சென்ற பெண்ணுக்கு ஆபத்து மிகுவது பிரிந்த பின்னரே என்பதை அறிந்தோர் அறிவர். கலை நோக்கிலேயே இங்கு இழப்பு உண்டு. கதவை இடிக்கும் ஒருவனைத் தீயவன் என்று காண எவருக்கும் பயிற்சி வேண்டியதில்லை. முதலத்தியாயங்களில் அவனை நம்பிய வாசகி, "இவன் இப்படிப்பட்டவன் என்று யார் கண்டார்" என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, தான் நம்பியது ஏன் என்ற வினாவிலிருந்து விடுபட்டுவிடலாம். எம் மாணவி விடுபடவில்லை. ஆயினும் அது அவரது சிறப்பேயன்றி நாவலின் சிறப்பன்று.

விழா மேடையில் நிகழ்ந்ததைப் பற்றிய தவறான செய்தி லியோனை எட்ட, அவன் விலகிச் செல்லும் பகுதியும் எமக்கு உடன்பாடானது அன்று. அத்தனை குறிப்புகளை எழுதிய இருவர், எழுத வேண்டிய ஒரே வேளையில் எழுதாது விடுகின்றனர். பிரிவு ஒன்று வேண்டும் என்பது இவ்வகை நாவலின் விதி. அவ்விதிக்காகப் பாத்திரங்கள் தம் இயல்பை மறக்க நேர்கின்றது. ரிச்சியின் மேன்முறையீடு நன்மையாக முடிவதும் வசதியான வேளையில் நிகழ்கின்றது. லியோனிடம் குறை என்று சொல்லத்தக்கது எதுவுமே இல்லை என்பது இன்னொரு குறை. வாய்திறந்து பேசாமை அவனது குறையாகக் காட்டப்படினும், வாசகிக்கு அதுவும் கவர்ச்சியாகவே அமைந்துவிடுகின்றது. 2022 இல் வெளிவந்த தொலைக்காட்சித் தொடரைப் பற்றி இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. தாளில் எழுதப்பட்டதைத் தாளில் வாசிப்பதே இதன் சுவை.

நடை பற்றி ஒன்று. இருவரும் மாறி மாறித் தன் கூற்றாகக் கதை சொல்கின்றனர். ரிஃபியின் வாக்கியங்கள் நீண்டு, கிளைத்து, தம்மைத் தாமே இடைமறித்துக்கொண்டு ஓடுபவை. லியோனுடையவை தந்தி வாசகம் போன்றவை. 'நான்' என்னும் எழுவாயை அவன் பெரும்பாலும் விட்டுவிடுகின்றான். உரையாடல்களை நாடகப் பிரதியிற் போலப் பெயரும் கூற்றுமாகத் தருகின்றான். ஆங்கிலத்தில் எழுவாயை விடுதல் உடனே செவியில் உறைக்கும். தமிழிலோ 'வந்தேன்' என்னும் வினைமுற்றே தன்மையிடத்தைக் காட்டிவிடுவதால், 'நான்' இன்றிப் பேசுதல் எம் எல்லோர்க்கும் இயல்பு. லியோனைத் தமிழாக்கினால் அவன் நம்மில் ஒருவனைப் போலவே பேசுவான். அவனது தனித்தன்மை மறைந்துவிடும்.

இது வெறும் கற்பனைச் சிக்கல் அன்று. எம் மாணவி இந்நாவலின் சில பகுதிகளைப் பயிற்சிக்காகத் தமிழாக்க முயன்று வருகின்றார். லியோனின் நடையை வினையெச்சங்களாலும் தொழிற்பெயர்களாலும் ஒருவாறு சமாளித்துவிட்டார். அவரை நிறுத்தி வைத்திருப்பது இன்னொரு சொல். ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல்தான் உண்டு. தமிழிலே 'நீங்கள்' என்பதா, 'நீ' என்பதா என்று முதற் குறிப்பிலேயே தீர்மானிக்க வேண்டியிருக்கின்றது. முன்பின் அறியாத இருவர் 'நீங்கள்' என்றே தொடங்குவர். எந்தக் குறிப்பில் அது 'நீ' ஆகின்றது? ஆங்கில ஆசிரியை எழுதத் தேவைப்படாத ஒரு கணத்தைத் தமிழாக்குபவர் எழுதியே தீரவேண்டும். ரிச்சியின் தொலைபேசி அழைப்புக்குப் பின்னர் வரும் குறிப்புகளில் மாற்றலாம் என்பது எமது கருத்து. மாணவி அதற்கு இணங்கவில்லை. ரிஃபி வேண்டுமாயின் மாறுவாள், லியோன் மாறமாட்டான் என்கின்றார். முடிவுரையிலே குறிப்புத்தாளில் வரும் மண வேண்டுகோளைக்கூட அவன் 'நீங்கள்' என்றே எழுதுவான் என்கின்றார். அது நகைப்பாக இருக்குமே என்றோம். இருக்கட்டும் என்றார். ஜஸ்ரினுக்கு மட்டும் அவர் தயங்கவில்லை. அவன் சந்தித்த முதல் நாளிலேயே 'நீ' என்றுதான் அழைத்திருப்பான் என்றார்.